தணிகைக்கு வந்த ஜனவரி ஒன்று

உள்ளூர்த் திருவிழாவுக்கு விடுமுறை அறிவிக்கும் மாவட்ட ஆட்சியர்களின் செய்திக்குறிப்புகளில் கடைசியாக ஒரு வரி தவறாமல் இருக்கும்: இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம், 1881இன் கீழ் வராது, கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும். பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பவர்கள் தாண்டிப் போய்விடும் வரி. ஆனால் திருத்தணி மலைப்படிகளில் ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும் ஏறுகிற கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தால் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. காசோலைக்கும் கடன் பத்திரத்துக்குமான சட்டம் அது. வங்கி எந்த நாளில் மூடியிருக்கும் என்று தெரிந்தால்தான் ஒரு பத்திரத்தின் தவணை என்றைக்கு முடிகிறது என்று சொல்ல முடியும்; ஆகவே அதன் 25ஆம் பிரிவு பொது விடுமுறை எது என்று வரையறுத்தது. முதலில் இயற்றப்பட்டபோது ஞாயிற்றுக்கிழமைகளோடு அது பெயர் சொல்லிக் குறித்தவை மூன்று நாட்கள்: ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி. பொங்கல், தீபாவளி போன்றவை அரசு பார்த்து அறிவித்தால் உண்டு. கச்சேரியிலும் வங்கியிலும் ரயில்வேயிலும் மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்த புதிய வர்க்கத்தின் கையில் ஜனவரி ஒன்று இப்படித்தான் வந்து விழுந்தது. அந்த நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த விடைகளில் சுவாரசியமானது திருத்தணியின் படித் திருவிழா. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒன்றாகக் கிளம்பிப் போய், சாமி கும்பிட்டு, கூடி உண்டு, ஊர் திரும்பும் நம் குடும்ப விடுமுறை வழக்கத்தைத் ‘தொன்றுதொட்டு’ என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடுகிறோம். இந்த மலையைப் பொறுத்தவரை அதன் புத்தாண்டு உருவத்துக்கு வயது நூறும் சொச்சமும்தான். காலண்டரும் ரயிலும் அச்சுப் புத்தகமும் சேர்ந்து அதை உண்டாக்கின என்பது என் வாதம். ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானும் தன் புத்தாண்டுக் கோயில் பயணத்தைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டது. அந்த நாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தணிகையில் நடந்தது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

திருவிழாவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையிலிருந்து முருகன் சன்னதிக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பது ஐதிகம். டிசம்பர் 31 அன்று பஜனைக் கோஷ்டிகள் அடிவாரத்தில் கூடுகின்றன. படியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, பூ வைத்து, சூடம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடிவிட்டு அடுத்த படி. ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 365 பாட்டுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே கோஷ்டியால் ஆகிற காரியம் அல்ல. ஊர் ஊராக வந்த கோஷ்டிகள் முறை வைத்துப் பாடுகின்றன. அவர்களுக்குப் பக்கத்தில், பாடத் தெரியாத பெருங்கூட்டம் சும்மா ஏறிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் மேலே சிறப்புப் பூசை. முழங்கால் வலிக்கிற ஆயாவுக்கு மலைமேல் வரை வண்டிப் பாதை இருக்கிறது. பேரன் படியேறி வர, அவர் வண்டியில் போய் மேலே காத்திருக்கலாம். ஒரு குடும்பத்தின் எல்லா வயதினரும் ஒரே இரவில் ஒரே இடத்துக்கு வந்து சேர இந்த ஏற்பாடு எவ்வளவு தோதானது என்பதை மதுரை, பழனிக் கூட்டங்களில் பிள்ளைகளைத் தேடி அலைந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இதைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். முதல் படித் திருவிழா 1917 டிசம்பர் 31 அன்று நடந்தது. 1870இல் பிறந்து, அர்த்தநாரி என்ற பெயரோடு மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர் அவர். தீராத வயிற்று நோய் அவரைப் பழனிக்கு அனுப்பியது. பழனி திருப்புகழிடம் அனுப்பியது. அரண்மனைச் சமையற்காரரை வயிற்றுவலி சாமியாராக்கியது என்பதில் ஒரு குறும்பு இருக்கிறது, ஆனால் அவர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு வள்ளி பிறந்த இடமாகச் சொல்லப்படும் வள்ளிமலையில் தங்கி, 1950இல் சமாதியாகும் வரை திருப்புகழைப் பரப்புவதையே வேலையாகக் கொண்டார். அக்காலத்தில் ஜனவரி முதல் தேதி என்றால் சென்னை ராஜதானியின் உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு கடமை உண்டு. மாலையும் எலுமிச்சம்பழமும் பழத்தட்டுமாக வெள்ளைக்காரத் துரையின் பங்களா வாசலில் போய் நிற்க வேண்டும். விடுமுறை நாள்தான், ஆனால் வீட்டோடு கழிக்கிற நாள் அல்ல. உத்தியோகம் செய்கிற ஆண் மட்டும் தலைப்பாகை கட்டிக்கொண்டு போகிற நாள். இந்தத் துரையை விட்டுவிட்டு எல்லாத் துரைக்கும் பெரிய துரையான தணிகைத் துரையைப் பார்க்க வாருங்கள் என்று சுவாமிகள் திருப்பிவிட்டார். 1917 எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஜூனில் அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்டுச் செப்டம்பரில் விடுதலையானார். டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகு சென்னைக்கு வந்து தூதுக்குழுக்களின் மனுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். துரை என்ற இடத்தில் யார் இருக்க வேண்டும் என்பது ஊரே பேசிய விஷயம். சுவாமிகளை அரசியல்வாதி ஆக்க நான் முயலவில்லை. அவருடைய அழைப்பு காதில் விழுவதற்கேற்ற காதுகள் அந்த ஆண்டு இருந்தன என்கிறேன். அவர் சட்டம் தந்த விடுமுறையை மறுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நாளை அப்படியே வைத்துக்கொண்டு, போகிற இடத்தை மட்டும் மாற்றினார். பங்களா வாசலுக்கு ஒருவர் போவார். மலைக்குப் போவதென்றால் வீடே கிளம்பும்.

பாட்டுக்கு வருவோம். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுக்காரர். ஆனால் படிக்கு ஒரு பாட்டு என்று 365 பாட்டைச் சேர்த்துப் பாடும் யோசனை 15ஆம் நூற்றாண்டிலோ 18ஆம் நூற்றாண்டிலோ ஒருவருக்குத் தோன்றியிருக்க முடியாது. பாட்டுகள் அங்கங்கே ஏட்டிலும் ஓதுவார் நினைவிலும் சிதறிக் கிடந்தன. 1871 வாக்கில் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் உரிமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழை நீதிமன்றத்தில் காட்டினார்கள். அங்கே அதைக் கேள்விப்பட்ட வ. த. சுப்பிரமணிய பிள்ளை, பின்னாளில் மாவட்ட முன்சீப் ஆனவர், சுவடி தேடி அலைந்து 1894இல் முதல் தொகுதியையும் 1901இல் இரண்டாம் தொகுதியையும் அச்சிட்டார். (இந்தக் கதையில் நீதிமன்றமும் சட்டப் புத்தகமும் எதிர்பாராத இடங்களிலெல்லாம் தலைகாட்டுகின்றன.) அவர் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை, 1883 முதல் 1971 வரை வாழ்ந்தவர், அந்தப் பணியைத் தொடர்ந்து ‘தணிகைமணி’ என்றே பெயர் பெற்றார். இன்று கையில் இருக்கும் திருப்புகழ்கள் ஆயிரத்து முந்நூறு அளவில். தணிகைக்கு மட்டும் அறுபதுக்கு மேல். அச்சான புத்தகம் கைக்குக் கை மாறிய பிறகுதான் அரக்கோணத்துக் கோஷ்டியும் மயிலாப்பூர்க் கோஷ்டியும் ஒரே பாட்டை ஒரே பாடத்தோடு பாட முடிந்தது. புத்தகம் இல்லாமல் படித் திருவிழா இல்லை.

ரயில் இல்லாமலும் இல்லை. சென்னையிலிருந்து திருத்தணி எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாட்டு வண்டியில் மூன்று நாள் பயணம். போய்த் திரும்ப ஒரு வாரம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா பக்கம் போகும் பாதை 1860களில் போடப்பட்டது. 1871இல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த தண்டவாளத்தோடு இணைந்து அது சென்னை–பம்பாய் பெருவழி ஆயிற்று. கார்வேட்டிநகர் ஜமீனின் ஒரு மூலையில் இருந்த மலைக்கோயில், அரக்கோணத்துக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி, பெருவழியின் ரயில் நிலையமானது. வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள், சத்திரங்கள் அவர்களுக்காகத்தானே கட்டப்பட்டன என்று கேட்கலாம். உண்மைதான். பொய்கையைச் சுற்றி மடங்களும் சத்திரங்களுமாக இருந்ததால் அந்தப் பகுதிக்கு மடம் கிராமம் என்றே பெயர். ஆனால் அவர்கள் நேர்த்திக்கடனுக்காக, அறுவடைக் காசு கையிலிருக்கும்போது, வாரக் கணக்கில் நேரம் ஒதுக்கக்கூடியவர்கள். நாளை மறுநாள் கச்சேரியில் கையெழுத்துப் போட வேண்டிய குமாஸ்தாவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு நாள் விடுமுறைக்குள் தாயையும் பிள்ளைகளையும் அழைத்துப் போய்த் திரும்ப அவரால் முடிந்தது ரயிலால். தணிகையின் பழைய பெருவிழாவான ஆடிக் கிருத்திகையோ நட்சத்திரத்தைப் பார்த்து வருவது. வாரத்தின் எந்த நாளிலும் விழும். பூக்காவடியும் தெப்பமுமாக அது இன்றும் படித் திருவிழாவைவிடப் பெரியது. ஆயினும் லீவு லெட்டர் இல்லாமல் வரக்கூடிய நாள் ஜனவரி ஒன்றுதான்.

இனி ஜப்பான். 1872இன் இறுதியில் மெய்ஜி அரசு, மூன்று வாரம் சொச்சம் அவகாசத்தில், பழைய நிலவு நாட்காட்டியைக் கைவிட்டது. பன்னிரண்டாம் மாதத்தின் மூன்றாம் நாள் விடிந்தபோது அது 1873 ஜனவரி 1 ஆகிவிட்டிருந்தது. அரசு ஊழியர்களுக்கு அந்தப் பன்னிரண்டாம் மாதச் சம்பளமும் போயிற்று. கஜானா காலியாக இருந்த அரசு அதையும் கணக்குப் போட்டுத்தான் செய்தது என்று சொல்வார்கள். நாட்காட்டி மாறினாலும் கோயில் வழக்கம் உடனே மாறவில்லை. அதற்கு முன் ஜப்பானியர் ஆண்டுப் பிறப்பில் கோயிலுக்குப் போனதே வேறு விதம். குடும்பத் தலைவர் மட்டும் ஆண்டின் கடைசி இரவு ஊர்த் தெய்வத்தின் கோயிலில் விழித்திருப்பார். அல்லது அந்தந்த ஆண்டுக்கு எந்தத் திசை நல்லது என்று பஞ்சாங்கம் சொல்கிறதோ அந்தத் திசைக் கோயிலுக்குப் போவார்கள். பெரிய கோயில்களுக்கு அந்தந்தத் தெய்வத்துக்கு உரிய நாள் உண்டு. தோக்கியோவுக்குத் தெற்கேயுள்ள கவாசாகி தாய்ஷிக்கு அது மாதத்தின் 21ஆம் நாள். 1872இல் ஜப்பானின் முதல் ரயில் பாதை ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது கவாசாகியிலும் ஒரு நிலையம் வந்தது. பட்டணத்துக்காரர்கள் 21ஆம் தேதிக்குக் காத்திராமல் புத்தாண்டு விடுமுறையிலேயே ரயிலேறி, கொஞ்சம் காற்று வாங்கி, கோயிலையும் பார்த்துவரத் தொடங்கினார்கள். 1880களின் நாளிதழ்களில் இதற்கு ஹத்சுமோதே, அதாவது ஆண்டின் முதல் கோயில் தரிசனம் என்ற பெயர் தென்படுகிறது. 1899இல் கவாசாகி தாய்ஷிக்கென்றே ஒரு கம்பெனியின் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு அதற்கும் அரசு ரயிலுக்கும் போட்டி, கட்டணச் சலுகை, விளம்பரம். இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்த நொபோரு ஹிராயாமாவின் நூல் 2012இல் வந்தது. ஆதிகாலந்தொட்டு ஜப்பானியரின் வழக்கம் என்று எல்லோரும் நம்பிய ஒன்று ரயில் கால அட்டவணையின் பிள்ளை என்று அது காட்டிவிட்டது. இன்று தோக்கியோவின் மெய்ஜி கோயிலுக்கு மட்டும் புத்தாண்டின் முதல் மூன்று நாளில் முப்பது லட்சம் அளவில் வருகிறார்கள். அந்தக் கோயில் கட்டப்பட்டதே 1920இல். தணிகையின் படித் திருவிழாவைவிட இளையது.

யார் போனார்கள் என்று பார்த்தால் ஒற்றுமை இன்னும் நெருக்கமாகும். ரயிலுக்கு முந்தைய ஜப்பானில் பயணம் என்றாலே இசே பெருங்கோயில்தான். ஊர்க்காரர்கள் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, குலுக்கலில் பெயர் வந்தவர்களை அனுப்புவார்கள். போகிறவர் மற்ற எல்லோருக்குமாகக் கும்பிட்டுவருவார். 1705இல் ஐம்பது நாளில் முப்பத்தாறு லட்சம் பேர் இசேக்குப் போனதாக அறிஞர் மொதோஓரி நொரினாகா எழுதி வைத்திருக்கிறார். நாட்டின் மக்கள்தொகையே அப்போது மூன்று கோடி அளவுதான். எஜமானிடம் சொல்லாமல் ஓடிவந்த வேலைக்காரர்களும் பெற்றோரிடம் சொல்லாமல் கிளம்பிய பிள்ளைகளும் அதில் ஏராளம். பெருங்கூட்டம்தான், ஆனால் குடும்பம் அல்ல. பாட்டியும் பேத்தியும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து போவது ரயிலுக்குப் பிறகு வந்தது. தணிகையிலும் காவடிக்கு விரதம் இருந்து நடந்தவர் வீட்டில் ஒருவரோ இருவரோ. மற்றவர்கள் வீட்டு வாசலில் பாதம் கழுவி வழியனுப்பியவர்கள். எல்லோரும் வருகிற சந்தர்ப்பம் ஒன்று பழைய காலத்திலும் உண்டு: குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும். அப்போது தாய்மாமன் மடி இல்லாமல் காரியம் நடக்காது. ஜப்பானில் பிறந்து ஒரு மாதமான குழந்தையை ஊர்க் கோயிலுக்கு எடுத்துப் போகும்போது அதைத் தூக்கி வைத்திருக்கும் உரிமை அப்பாவின் அம்மாவுக்கு. அங்கே அப்பா வழி, இங்கே அம்மா வழி. தலைமுறைகளை ஒரே சன்னதிக்கு வரவழைக்கக் குழந்தையைக் காரணமாக்குவது இரண்டிலும் ஒன்று. படித் திருவிழா செய்தது, குழந்தை பிறக்கக் காத்திராமல் ஆண்டுதோறும் அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுத்தது.

சாப்பாட்டை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. தணிகை மலைக்கு வடக்கே வெளுத்த குன்றுக்குப் பச்சரிசி மலை என்றும் தெற்கே கறுத்த குன்றுக்குப் பிண்ணாக்கு மலை என்றும் பெயர் வைத்தவர்கள் பசியோடு ஏறியவர்களாகத்தான் இருக்க வேண்டும். ரயில் பயணத்தின் சோறு கட்டுச்சோறு. புளியைக் கெட்டியாகக் கரைத்து நல்லெண்ணெயில் எண்ணெய் மேலே மிதக்கும் வரை சுண்டக் காய்ச்சி, வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, ஆறிய பிறகே கலந்து, அனலில் வாட்டிய வாழையிலையில் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து ஊசிவிடும். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். புளியும் எண்ணெயும் உப்பும் சேர்ந்து இரண்டு நாள் தாங்கும். தயிர்ச் சோறு வேண்டுமென்றால் பாலை ஊற்றிப் பிசைந்து கொஞ்சமாகத் தயிர் விட்டுக் கட்டுவார்கள். அரக்கோணம் தாண்டும்போது உறைந்து பதமாகியிருக்கும். ஜப்பானில் முதல் ரயில் நிலையப் பொட்டலச் சோறு என்று பரவலாகச் சொல்லப்படுவது 1885இல் உத்சுனோமியாவில் விற்றது: உப்பில் ஊறிய உமேபோஷி காயை நடுவில் வைத்த இரண்டு சோற்று உருண்டை, முள்ளங்கி ஊறுகாய், மூங்கில் மடலில் சுற்றியது. புளிக்குப் பதில் உமே, வாழைக்குப் பதில் மூங்கில். சோறு கெடாமல் இருக்கப் புளிப்பும் உப்பும் என்ற கணக்கு ஒன்றே. வேறுபாடு, அங்கே அதை நிலையத்தில் விற்றார்கள், இங்கே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். யார் கை பட்டது, என்ன சாதி சமைத்தது என்ற கேள்விகள் நம் ரயில் நிலையங்களில் வெகுகாலம் நீடித்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. குடும்பம் ஒன்றாக உண்டது என்ற இனிய காட்சியின் மறுபக்கம், அடுத்த குடும்பத்தோடு உண்ணவில்லை என்பது.

புத்தாண்டு விருந்தை ஜப்பானியர் வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். 31ஆம் தேதி இரவு சோபா என்ற கோதுமை மாதிரியான தானியத்தில் செய்த நீள நூல் உணவு. மறுநாள் முதல் மூன்று நாளுக்கு அடுக்குப் பெட்டியில் முன்கூட்டியே செய்து வைத்த ஓசேச்சி. அடுப்புக்கும் அடுப்படியில் நிற்பவருக்கும் ஓய்வு என்பது அதன் தத்துவம். பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொன்றும் குடும்பத்துக்கு ஒரு வாழ்த்து. மீன்முட்டைத் திரள் சந்ததி பெருக. முதுகு வளைந்த இறால், முதுகு வளையும் வயது வரை வாழ. தாத்தாவுக்கும் பிறக்கப்போகிற பேரனுக்கும் ஒரே பெட்டியில் பங்கு வைத்த சமையல் இது. அதே புத்தாண்டில் மோச்சி என்ற ஒட்டும் அரிசி உருண்டை தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. தோக்கியோ தீயணைப்புத் துறை சிறு துண்டாக வெட்டிக் கொடுக்கச் சொல்லி எச்சரிக்கிறது, மோச்சியை யாரும் விடுவதாக இல்லை. விருந்து வீட்டில், கோயில் ஒரு நடை என்பது அவர்கள் ஏற்பாடு. தணிகையில் விருந்தும் கூடவே படியேறியது. சத்திரத்துத் திண்ணையில் பிரித்த கட்டுச்சோறும், பிற்காலத்தில் அடிவாரத்து ஓட்டல் இட்லியும், கோயில் பிரசாதப் புளியோதரையும், 2002இல் தமிழக அரசு கோயில்களில் தொடங்கிய அன்னதானமும், 2021இல் திருத்தணியில் நாள் முழுதும் என்று விரிந்த பந்தியும் அந்த வரிசையில் வருகின்றன. பந்தி வந்த பிறகு மேலே சொன்ன மறுபக்கமும் கொஞ்சம் கரைந்தது.

தணிகை எவ்வளவு பழைய தலம், அதற்கு 1917இல் பிறந்த நாள் கொண்டாடுவதா என்று ஒரு மறுப்பு வரும். பழமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்குள் இருக்கும் வீரட்டானேசுவரர் கற்றளியை 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தார்; அதைப் பாராட்டும் வெண்பாவை அபராஜிதவர்ம பல்லவனே பாடியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் வாயில் ஒரு முதியவர் கற்கண்டு போட்டதும், அவர் முதல் கீர்த்தனை பிறந்ததும் இந்த மலையில்தான் என்பது சங்கீத உலகம் விடாமல் சொல்லும் கதை. ஆனால் கோயிலின் வயது வேறு, கோயிலுக்கு மனிதர்கள் வருகிற விதத்தின் வயது வேறு. 365 என்ற எண்ணே நம் சூரிய ஆண்டின் கணக்கு, அதில் ஆங்கிலேயர் எங்கே வந்தார் என்றும் கேட்கலாம். சரியான கேள்வி. தமிழ் ஆண்டும் சூரியனை வைத்து 365 நாளுக்கு ஓடுவதுதான். ஆகவே படிகள் தமிழ் ஆண்டுக்கும் பொருந்தும். அப்படியானால் படி பூசை பங்குனிக் கடைசியில் நடந்து, சித்திரை முதல் நாள் உச்சிக்குப் போயிருக்க வேண்டும். நடப்பது டிசம்பர் 31இல். பழைய எண்ணைப் புதிய தேதியோடு கோத்தது 1917.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. பக்தியை விடுமுறைக் கொண்டாட்டமாகச் சுருக்குகிறாயே என்பது. ஜப்பான் உதாரணம் இங்கே எனக்கு எதிராகவே திரும்பக்கூடும்: அங்கே ரயில் கம்பெனிகள் லாபத்துக்காகச் செய்தன, இங்கே ஒரு துறவி கைக்காசு இல்லாமல் செய்தார், இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல. ஹத்சுமோதேக்குத் தொடக்கி வைத்தவர் என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. படித் திருவிழாவுக்குச் சொல்ல முடிகிறது. தென்னிந்திய ரயில்களும் திருவிழாவுக்குச் சிறப்பு வண்டி விட்டன, ஆனால் படிக்குப் பாட்டு என்று எந்த ரயில் கம்பெனியும் யோசித்திருக்காது. நான் சொல்வது, பக்தி வெளியே இருந்து வந்த நேரத்தையும் வசதியையும் எடுத்துத் தனக்கு ஆக்கிக்கொண்டது என்பது. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு ரயிலேறி, நல்ல சோறு தின்று, மேலே காற்று வாங்கி வந்தால் பக்தி குறைந்துபோகும் என்ற எண்ணம் நம் மரபில் எங்கும் இல்லை. முருகனே பழத்துக்காக உலகைச் சுற்றி வந்தவர்.

அந்த முருகன் ஜப்பானில் இருக்கிற இடம் இந்த வாதத்துக்குத் தோதாக அமைந்திருப்பது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. பௌத்தத்தோடு சீனத்துக்குப் போன ஸ்கந்தன், அங்கே ஒரு படைத்தலைவர் கதையோடும் கலந்து, ஜப்பானில் இதாதென் ஆனார். புத்தரின் தாதுவைத் திருடி ஓடிய அசுரனை ஓடிப் பிடித்தவர்; வேகமாக ஓடுகிறவரை ஜப்பானியர் இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். ஜென் மடங்களில் அவருக்குக் கொடுத்த வேலை சமையற்கட்டைக் காப்பது. கியோத்தோவுக்குத் தெற்கே உஜியில், சீனத் துறவி இங்கென் 1661இல் நிறுவிய மன்புகுஜி மடத்தின் முன் மண்டபத்தில் அவர் கவசத்தோடு நிற்கிறார். அதே மடம்தான் ஃபுச்சா என்ற சைவ விருந்துக்குப் பேர் போனது: நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பொதுத் தட்டிலிருந்து எடுத்து உண்பது, தனித்தனிச் சிறு மேசையில் உண்டு பழகிய அக்கால ஜப்பானியருக்கு அது புதுமை. 2000க்குப் பிறகு தோக்கியோவின் நிஷி கசாய் பக்கம் குடியேறிய கணினிப் பொறியாளர்களைப் பார்க்க இங்கிருந்து பெற்றோர் போகிறார்கள். பேரக்குழந்தைகளோடு கியோத்தோ, நாரா என்று சுற்றுகிறார்கள். காய்கறிக் குழம்பு என்று நம்பிக் கேட்டதிலும் உலர்ந்த மீன் சீவலின் சாறு இருக்கும் நாட்டில், கடற்பாசியிலும் உலர் காளானிலும் சாறு எடுக்கும் மடத்துச் சமையல்தான் சைவப் பாட்டிக்குப் புகலிடம். ரயில், கோயில், கூட்டாக உண்பது, கையில் பேரன்: அந்தச் சுற்றுலாவை அயல்நாட்டு நாகரிகம் என்று நினைப்பவர்கள், 1920களில் அரக்கோணத்தில் வண்டி மாறிய தங்கள் கொள்ளுப்பாட்டியைக் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசியாக, ஜனவரி ஒன்று நம்முடையதே அல்ல, அதற்குக் கோயிலைத் திறந்து வைப்பதே பிசகு என்கிற குரல். அண்மைக் காலத்தில் இது உரத்திருக்கிறது. 2017 டிசம்பரில் ஆந்திர அறநிலையத் துறையின் கீழுள்ள இந்து தர்ம பரிரட்சண அறக்கட்டளை, யுகாதியே நம் புத்தாண்டு, ஜனவரி 1க்காகக் கோயில்களில் அலங்காரமும் கொண்டாட்டமும் வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. படித் திருவிழா தொடங்கி நூறாண்டு நிறைந்த அதே மாதம். சுற்றறிக்கை எழுதியவர்களுக்கு இருந்த கவலை வள்ளிமலை சுவாமிகளுக்கும் இருந்தது. துரைமாரின் புத்தாண்டு நம்மவரை இழுத்துக்கொண்டு போகிறதே என்பது. அவர்கள் நாளை விலக்கச் சொன்னார்கள், அவர் நாளை வளைத்துப் போட்டார். எது பலித்தது என்பதைக் கூட்டம் காட்டுகிறது. திருத்தணி 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு போயிற்று. மங்கலங்கிழாரும் ம. பொ. சிவஞானமும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த பட்டாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. திரும்பாமல் போயிருந்தால் அந்தச் சுற்றறிக்கையின் ஒரு நகல் தணிகைக் கோயில் அலுவலகத்துக்கும் வந்திருக்கும். கோபுரத்துக்கு அன்று விளக்கு அலங்காரம் இருந்திருக்காது. கோஷ்டிகளை அலுவலகம் அழைத்ததும் இல்லை, அலுவலகத்தைக் கேட்டு அவை வந்ததும் இல்லை. அவை வழக்கம்போல அரக்கோணத்தில் வண்டி மாறியிருக்கும்.